மே மாதம் பிள்ளைகளோடு ஆஸ்திரேலியா: கங்காரு, கோலாவைக் கூண்டில் இல்லாமல் பார்க்க எப்படித் திட்டமிடலாம்?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். நான், மனைவி, 11 வயது மகள், 6 வயது மகன், 66 வயதாகும் அம்மா, ஆக ஐந்து பேர் வரும் மே மாதம் வெளிநாடு போகலாம் என்று இருக்கிறோம். சம்பா அறுத்து கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வந்துவிட்டது, பிள்ளைகளுக்குப் பரீட்சை ஏப்ரலில் முடிந்துவிடும், ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு நான் வயலில் நிற்க வேண்டும். நடுவில் கிடைப்பது மே மாதம்தான், அதிலும் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு மேல் முடியாது.

போவதே விலங்குகளைப் பார்க்கத்தான். வடுவூர் ஏரிக்கு அழைத்துப் போக ஆரம்பித்ததிலிருந்து மகளுக்கு இதே நினைப்பு, பார்த்த பறவையை எல்லாம் நோட்டில் வரைந்து வைக்கிறாள். கங்காரு, கோலா, வளை தோண்டி வாழும் வொம்பேட் எல்லாம் ஆஸ்திரேலிய மண்ணில்தான் இருக்கின்றன என்று படித்துவிட்டு அங்கேதான் போக வேண்டும் என்கிறாள். தஞ்சாவூரில் இரண்டு மூன்று டிராவல்ஸில் விசாரித்தேன். எல்லாரும் ஒரே மாதிரி திட்டம்தான் தருகிறார்கள்: சிட்னி பாலம், கோல்டு கோஸ்டில் பொழுதுபோக்குப் பூங்காக்கள், நடுவில் ஒரு விலங்குக் காட்சியகத்தில் ஒரு மணி நேரம், கோலாவோடு ஒரு போட்டோ. மகளிடம் சொன்னேன். "கூண்டில் இருக்கிறதைப் பார்க்க வண்டலூர் போதுமேப்பா" என்கிறாள். அவள் சொல்வதும் சரிதான்.

மே மாதம் அங்கே குளிர் என்கிறார்கள், அந்த நேரத்தில் விலங்குகள் வெளியே வருமா? எந்தப் பக்கம் போனால் பத்து நாளில் அலையாமல் பார்க்கலாம்? அம்மாவுக்கு முட்டி வலி, அதிகம் நடக்க முடியாது, சைவம் வேறு. நான் கார் ஓட்டுவேன், அங்கே ஓட்ட விடுவார்களா? இல்லை, ஆறு வயதுப் பையனை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் எதற்கு, பக்கத்திலேயே வேறு நாடு இருக்கிறது என்று தோன்றினால் அதையும் சொல்லுங்கள். போய் வந்தவர்கள், அங்கே இருப்பவர்கள் யாராவது விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

வேதாரண்யம் உப்பளம் எழுதியது:

தம்பி, நான் இலங்கை கட்சி. திருச்சியிலிருந்து கொழும்புக்கு ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் 2023 அக்டோபரில் தொடங்கி, நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. ஆனால் கடல் சரியில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள், அதனால் கப்பலை நம்பி மற்ற டிக்கெட்டுகளைப் போடாதீர்கள்.

அங்கே பார்க்க வேண்டியது சிறுத்தை. புலியும் சிங்கமும் இல்லாத தீவு என்பதால் காட்டுக்கு அதுதான் ராஜா, நம் ஊர்ச் சிறுத்தை மாதிரி பயந்து ஒளியாமல் பட்டப்பகலில் பாதையில் படுத்திருக்கும். எல்லாரும் யால தேசியப் பூங்காவுக்குப் போவார்கள். அங்கே ஒரு சிறுத்தையைச் சுற்றி ஜீப்கள் வரிசை கட்டி நிற்கும், பிள்ளைகளுக்குப் பார்க்கிற மகிழ்ச்சியே போய்விடும். வில்பத்துக்குப் போங்கள், கூட்டம் குறைவு, வில்லு என்று சொல்லப்படும் குளங்களின் கரையில் வண்டியை நிறுத்தி நிதானமாகப் பார்க்கலாம். உடவளவையில் தாயில்லாத யானைக்குட்டிகளை வளர்த்துத் திரும்பக் காட்டில் விடும் நிலையம் ஒன்று 1995 முதல் இருக்கிறது. குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் நேரத்தில் தள்ளி நின்று பார்க்க விடுவார்கள், தொட விட மாட்டார்கள். அந்தக் குட்டிகள் காட்டுக்குத் திரும்ப வேண்டியவை என்பதால் மனிதர்களோடு பழகக் கூடாது. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் புரியும்.

மே மாதம் என்பதால் ஒன்று கவனம். மின்னேரியாவில் நூற்றுக்கணக்கில் யானை கூடுவது ஜூலைக்கு அப்புறம்தான். திமிங்கிலம் பார்க்க மிரிஸ்ஸ போகச் சொல்வார்கள், மே மாதம் அந்தப் பக்கம் பருவமழைக் கடல், போகாதீர்கள். அந்த நேரத்தில் திருகோணமலைப் பக்கம்தான் கடல் அமைதியாக இருக்கும்.

அப்புறம் ஒரு வார்த்தை. எங்கே போனாலும் சரி, அதற்கு முன்னால் ஒரு நாள் பிள்ளைகளைக் கோடியக்கரைக்குக் கூட்டி வாருங்கள். வெளிமான் கூட்டத்தைப் பார்த்தால் அங்கேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் சத்தம் போடாமல் இருக்கப் பழக்குங்கள். பைனாகுலரைப் பிடித்து ஓடுகிற விலங்கைத் தேடிக் கண்டுபிடிக்கிறது ஒரே நாளில் வராது. இதெல்லாம் கைவராத பிள்ளைக்கு எந்த நாட்டுக் காடும் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும்.

மாயவரத்துப் பெண் எழுதியது:

அண்ணா, நான் மாயவரம், கல்யாணம் ஆகி மெல்பர்னில் இருக்கிறேன். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களைப் பிள்ளை குட்டிகளோடு கூட்டிக்கொண்டு சுற்றுவது எனக்கு வழக்கம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், ஆஸ்திரேலியாவை ஒரு நாடு என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள், அது ஒரு கண்டம். சிட்னி, கெய்ன்ஸ், மெல்பர்ன் மூன்றையும் பத்து நாளில் என்றால் உங்கள் மகன் பார்க்கப் போவது விமான நிலையங்களை மட்டும்தான். ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மகள் கேட்கிற மூன்றும் காட்டில் கிடைக்க வேண்டும், பாட்டி அதிகம் நடக்கக் கூடாது என்றால் நான் மெல்பர்னுக்குத் தென்கிழக்கே, கிப்ஸ்லாண்ட் பக்கம் போகச் சொல்வேன். பிலிப் தீவு, வில்சன்ஸ் ப்ரொமன்டரி, ரேமண்ட் தீவு என்று மூன்றே இடம், மூன்றும் அடுத்தடுத்து ஒரே திசையில்.

மே மாதம் குளிர்தான். பகலில் 16, 17 டிகிரி, விடியற்காலையில் 8 போல இருக்கும். ஆனால் பிள்ளைகளோடு விலங்கு பார்க்க வருகிறவர்களுக்கு அது நல்ல மாதம் என்பேன். இங்கே பெரும்பாலான விலங்குகள் பகலில் தூங்கி, பொழுது சாய்கிற நேரத்தில் வெளியே வருபவை. டிசம்பரில் இங்கே சூரியன் மறையவே இரவு எட்டரைக்கு மேல் ஆகிவிடும், பிலிப் தீவில் பென்குவின் கரையேறும்போது சின்னப் பிள்ளைகள் மடியில் தூங்கிப் போயிருக்கும். மே நடுவில் மாலை ஐந்தே காலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். பார்த்துவிட்டு வந்து, சாப்பிட்டு, எட்டு மணிக்குப் படுத்துவிடலாம். வொம்பேட்டும் வெயில் காலத்தில் இருட்டின பிறகுதான் வளையை விட்டு வரும், குளிர் நாட்களில் மத்தியானத்துக்கு மேலேயே மேய வந்துவிடும்.

இன்னொன்று, இங்கே கடிகாரம் நம் ஊரைவிட நாலரை மணி நேரம் முந்தி. வந்த புதிதில் காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளை எழுப்பினால் அவர்கள் உடம்புக்கு அது நடு இரவு ஒன்றரை. அதனால் முதல் மூன்று நாள் விடியற்காலைத் திட்டம் எதுவும் வைக்காதீர்கள், சாயங்காலத்தை மட்டும் நம்புங்கள். கடைசி நாட்களில் உடம்பு பழகிவிடும், மே மாதம் விடிவதே ஏழு மணிக்கு மேல் என்பதால் அப்போது காலையிலும் போகலாம்.

பிலிப் தீவு மெல்பர்னிலிருந்து 140 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். உலகத்திலேயே சின்னப் பென்குவின் இங்கேதான் இரவில் கடலிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கரையேறும், 33 சென்டிமீட்டர்தான், பள்ளிக்கூட அடிக்கோலை நிறுத்தி வைத்த உயரம். எடை ஒரு கிலோ. பகலெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டு, பருந்துகளும் கழுகுகளும் அடங்கின பிறகு இருட்டில் வளைக்குத் திரும்பும். குளிர் மாதங்களில் எண்ணிக்கை குறையும், ஆனால் ஒரு நாளும் வராமல் இருக்காது. போட்டோ, வீடியோ எதுவும் எடுக்கக் கூடாது. மொபைலைப் பைக்குள் போட வேண்டும் என்று பிள்ளைகளிடமும் அம்மாவிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பென்குவின் கண்ணுக்குத் திடீர் வெளிச்சம் ஆகாது. கடற்கரையில் சிமெண்டுப் படிக்கட்டில் உட்காரும் டிக்கெட்டுதான் மலிவு, ஆனால் காற்று ஊசி மாதிரி குத்தும். உங்கள் அம்மாவுக்குத் தரைக்கு அடியில் இருந்து கண்ணாடி வழியாகப் பார்க்கும் இடத்துக்கு டிக்கெட் எடுங்கள். பென்குவின் முகத்துக்கு நேரே நடந்து போகும், ஆறு வயதுப் பையனுக்கும் அதுதான் சரியான உயரம். அந்த டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், தேதி முடிவானதும் முதலில் அதைப் பதிவு செய்யுங்கள்.

அந்தத் தீவைப் பற்றி மகளிடம் இதையும் சொல்லுங்கள். பென்குவின் வளை இருக்கிற முனையில் ஒரு காலத்தில் மனை போட்டு வீடு கட்டியிருந்தார்கள். நாயும் நரியும் காரும் சேர்ந்து பென்குவின்களை அழித்துக்கொண்டிருந்தன. 1985-ல் மெல்பர்ன் இருக்கிற விக்டோரியா மாநில அரசாங்கம் அந்த வீடுகள் அத்தனையையும் விலைக்கு வாங்கி இடித்து, இடத்தைப் பறவைக்கே திருப்பிக் கொடுப்பது என்று முடிவெடுத்தது. முழுசாக முடிய 2010 ஆனது. 2017-ல் தீவில் நரியே இல்லை என்று அறிவித்தார்கள். இன்றைக்கு நாம் உட்கார்ந்து பார்க்க இத்தனை பறவை இருப்பது அதனால்தான். ஒரு குடியிருப்பையே காலி செய்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைகிறது.

அன்று இரவு தீவிலேயே தங்குங்கள். இருட்டில் கிராமச் சாலையில் கார் ஓட்டக் கூடாது, கங்காரு திடீரென்று குறுக்கே குதிக்கும், விளக்கைப் பார்த்தால் ஒதுங்காமல் காரின் முன்னாலேயே வரும். வாடகைக் கார் ஒப்பந்தத்தில் இரவில் விலங்கு மோதினால் காப்பீடு உண்டா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ஓட்டுவதில் வேறு சிரமம் இல்லை, இங்கேயும் இடது பக்கம்தான். நம் லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருந்தால் சுற்றுலா வந்தவர் ஓட்டலாம், சர்வதேச அனுமதிச் சீட்டும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஏழு வயது ஆகாத பிள்ளைக்கு இந்த நாட்டு அங்கீகாரம் உள்ள சிறுவர் இருக்கை கட்டாயம், ஊரிலிருந்து கொண்டு வருவது செல்லாது. கார் பதிவு செய்யும்போதே மகனுக்கு ஒன்று கேட்டுவிடுங்கள்.

வில்சன்ஸ் ப்ரொமன்டரி மெல்பர்னிலிருந்து மூன்று மணி நேரம், பிலிப் தீவிலிருந்து இன்னும் குறைவு. தேசியப் பூங்காவுக்கு உள்ளே டைடல் ரிவர் என்ற இடத்தில் தங்கும் அறைகள் இருக்கின்றன. அங்கே தங்கினால் வொம்பேட்டைத் தேடிப் போக வேண்டாம், பொழுது சாய்ந்ததும் அறைகளுக்கு நடுவில் இருக்கும் புல்லில் அதுவே மேய வரும். இருபது முப்பது கிலோ இருக்கும், பார்க்கக் கொழுகொழு என்று இருந்தாலும் வேகமாக ஓடும், கடிக்கவும் செய்யும், கிட்டே போக விடாதீர்கள். வொம்பேட்டின் பை பின்பக்கம் பார்த்துத் திறந்திருக்கும், வளை தோண்டும்போது குட்டி மேல் மண் விழாமல் இருக்க. அதன் சாணம் கனசதுரமாக இருக்கும். இதை உங்கள் மகனிடம் சொல்லிப் பாருங்கள், வேறு எதையும் தேட மாட்டான். பூங்காவுக்குள் வருகிற சாலையிலேயே பழைய விமான ஓடுதளத்துப் பக்கம் சமதரையில் ஒரு நடைபாதை இருக்கிறது. சாயங்காலம் நாலு மணிக்குப் போய் நின்றால் கங்காருவும் ஈமுவும் மேய்வதைப் பார்க்கலாம், அம்மா கார் பக்கத்திலேயே நின்று பார்த்தாலும் தெரியும்.

கடைசியாக ரேமண்ட் தீவு. பெய்ன்ஸ்வில் என்ற சின்ன ஊரிலிருந்து படகு, நடந்து போகிறவர்களுக்குக் காசு இல்லை, ஐந்து நிமிடத்தில் அக்கரை. மக்கள் குடியிருக்கும் தெருக்களிலேயே யூகலிப்டஸ் மரக் கவைகளில் கோலா உட்கார்ந்திருக்கும். 1953-ல் கொண்டுவந்து விட்டவற்றின் வம்சம் அவை, யாரும் அடைத்து வைக்கவில்லை. பாதை மட்டமானது, உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம். ஒன்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், கோலா நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்கும். அது தின்னும் யூகலிப்டஸ் இலையில் சத்துக் குறைவு, விஷம் வேறு, அதைச் செரிக்கவே அதன் தெம்பெல்லாம் போய்விடும். அது தூங்குவதைத்தான் பார்ப்பீர்கள். காத்திருந்தால் ஒரு தடவை இலையைப் பறித்துத் தின்னும்.

குடவாசல்காரர் எழுதியது:

ஆஸ்திரேலியாவுக்கு விசா வேலை பெரிசு. அது வேண்டாம் என்று தோன்றினால் மலேசியாவின் சபா மாநிலத்தைப் பாருங்கள், போர்னியோ தீவில் இருக்கிறது. நம்மவர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம் (போவதற்கு முன் அது தொடர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்). திருச்சியிலிருந்து நேராகக் கோலாலம்பூர், அங்கிருந்து சண்டகானுக்கு விமானம். சபாவுக்குள் நுழையும்போது பாஸ்போர்ட்டில் தனியாக ஒரு முத்திரை போடுவார்கள், பயப்பட வேண்டாம்.

செபிலோக்கில் 1964 முதல் தாயை இழந்த ஒராங்குட்டான்களை வளர்த்துக் காட்டில் விடுகிறார்கள். அதற்கு அப்புறம் கினபத்தாங்கன் ஆற்றங்கரையில் தங்கினால் காலையும் மாலையும் படகில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். நீள மூக்குக் குரங்கு என்று ஒன்று, போர்னியோவைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் கிடையாது, கரையோர மரத்தில் குடும்பம் குடும்பமாக வந்து உட்காரும். இருவாச்சிப் பறவைகளும் உண்டு. முட்டி வலி இருக்கிற அம்மாவுக்கு இதைவிட வசதி வேறு எங்கே கிடைக்கும்? மழைக்காடு என்பதால் அட்டையும் கொசுவும் இருக்கும், பிள்ளைகளுக்கு முழுக்கை சட்டை, கொசு மருந்து வேண்டும், போகுமுன் டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் மாமியாரும் வந்தார்கள், ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மாயவரத்துத் தங்கச்சி எழுதினதை மகளிடம் படித்துக் காட்டினேன், வீட்டையெல்லாம் வாங்கி இடித்த கதையை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். இலங்கையும் சபாவும் மனதில் இருக்கின்றன, பையன் கொஞ்சம் வளர்ந்ததும் கட்டாயம் போவோம். இப்போதைக்குக் கிப்ஸ்லாண்ட் என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

இன்னும் இரண்டு விஷயம். மகள் எல்லாவற்றுக்கும் சரி என்கிறாள், ஆனால் கோலாவை ஒரு தடவை தூக்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. குயின்ஸ்லாந்து மாநிலத்தில் தூக்க விடுவார்கள் என்று டிராவல்ஸில் சொன்னார்கள். அதற்காகப் பிரிஸ்பேன் வரை போவது வீணா?

அடுத்தது சாப்பாடு. அம்மா பருப்புப் பொடி, வத்தல், ஊறுகாய், நெய், பால்கோவா எல்லாம் கட்டுகிற எண்ணத்தில் இருக்கிறார்கள். நம் வீட்டில் மாடும் வயலும் இருப்பதால் விமான நிலையத்தில் ஏதாவது பிரச்சினை பண்ணுவார்களா?

திருவையாறு கால்நடை எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன், மகன் அங்கே இருப்பதால் போய் வந்த அனுபவமும் உண்டு.

விமானத்திலேயே ஒரு அட்டை கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். அதில், கடந்த 30 நாளில் கிராமப்புறத்துக்கோ கால்நடை இருக்கும் இடத்துக்கோ போனீர்களா என்று ஒரு கேள்வி இருக்கும். நீங்கள் ஆமாம் என்றுதான் போட வேண்டும், அதில் பயப்பட ஒன்றும் இல்லை. அதிகாரி கூப்பிட்டு விவரம் கேட்பார், செருப்பு, ஷூவின் அடியைப் பார்ப்பார். ஆமாம் என்று சொன்னவருக்கு எந்தத் தண்டனையும் கிடையாது. மறைத்தவருக்குத்தான் அபராதம், அதுவும் பெரிய அபராதம், விசாவையே ரத்து செய்யவும் சட்டம் இருக்கிறது.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்பது மாடு வைத்திருக்கிற உங்களுக்குச் சட்டென்று புரியும். கோமாரி, நாம் காணை என்போமே, அந்த நோய் அந்த நாட்டில் 1872-க்குப் பிறகு இல்லை. நம் ஊரில் வருஷா வருஷம் ஊசி போட்டுத்தான் சமாளிக்கிறோம். அந்தக் கிருமி ஷூவில் ஒட்டின சேற்றிலும் சாணத்திலும் பாலிலும் உயிரோடு போகக்கூடியது. ஒரு குடும்பத்தின் பால்கோவா டப்பா போதும் என்று அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதனால் பால்கோவா, பேடா மாதிரி பாலில் செய்த எதுவும் வேண்டாம், நெய்யையும் விட்டுவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், வெற்றிலை, விதைகள், இவையும் கூடாது. கோயில் பிரசாதத்தில் பூ, துளசி இருந்தால் அதையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பருப்புப் பொடி, ஊறுகாய் என்று எது எடுத்துப் போனாலும் கடையில் வாங்கின, பிரிக்காத பாக்கெட்டாக, பெயர் அச்சடித்ததாக எடுத்துப் போய் அட்டையில் உணவு இருக்கிறது என்று எழுதிக் காட்டிவிடுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

வயலுக்குப் போட்ட செருப்பை எடுத்துப் போக வேண்டாம். முடிந்தால் ஐந்து பேருக்கும் புது ஷூ வாங்கி ஒரு வாரம் முன்னாலிருந்தே தெருவில் மட்டும் போட்டுப் பழகுங்கள். புது ஷூவை அங்கே போய்த்தான் போடுவேன் என்றால் பாட்டிக்குக் கால் கடிக்கும்.

விசாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பார்வையாளர் விசா, 600 என்று எண் சொல்வார்கள், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், பிள்ளைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனி விண்ணப்பம். விவசாயிக்குச் சம்பளச் சீட்டு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், சிட்டா, அடங்கல், கொள்முதல் நிலையப் பணம் வரவான வங்கிக் கணக்கு எல்லாம் வைக்கலாம். தமிழில் இருக்கும் தாள்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். திரும்பி வருவதற்கு நிலமும் மாடும் வீடும் இருக்கின்றன என்று காட்டுவதுதான் அந்த விண்ணப்பத்தின் உயிர். இப்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

மாயவரத்துப் பெண் எழுதியது:

ஐயா சொன்னதற்கு மேல் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. இன்னொன்று மட்டும். டாண்டெனாங் என்ற ஊரில் நம்மவர் மளிகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, கிப்ஸ்லாண்ட் போகிற வழியிலேயே வரும். பொன்னி அரிசி, துவரம் பருப்பு, நெய், அப்பளம் வரை கிடைக்கும். தங்கும் இடத்தில் அடுப்பு இருக்கிற மாதிரி பாருங்கள், சின்ன ஊர்களில் சைவச் சாப்பாடு என்றால் சீஸும் உருளைக்கிழங்கும்தான் கிடைக்கும், அம்மாவுக்கு இரண்டு நாளுக்கு மேல் இறங்காது. காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலும் அந்தப் பக்கம்தான், அவர்களுக்கு அது ஒரு ஆறுதலாக இருக்கும்.

கோலாவைத் தூக்குவது பற்றி. இங்கே விக்டோரியாவில் சட்டப்படி தூக்கக் கூடாது, சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸிலும் அப்படித்தான். குயின்ஸ்லாந்தில் உரிமம் வாங்கின இடங்களில் விடுகிறார்கள். ஆனால் அங்கேயே, 1927-லிருந்து நடக்கிற, உலகம் முழுக்கப் பேர் போன லோன் பைன் கோலா சரணாலயம் 2024-ல் தூக்கிப் போட்டோ எடுப்பதை நிறுத்திவிட்டது. 2022-ல் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகர்ப் பகுதி மூன்றிலும் கோலாவை அழியும் நிலையில் உள்ள இனம் என்று அறிவித்தார்கள். நாளெல்லாம் தூங்கித் தெம்பைச் சேர்த்து வைக்கிற பிராணி, அறிமுகமில்லாத கைகள் மாறி மாறித் தூக்குவதைத் தாங்கிக்கொண்டு இருக்கும், அவ்வளவுதான். வடுவூரில் பறவை வரைகிற பிள்ளைக்கு இதைச் சொன்னால் அவளே வேண்டாம் என்பாள் என்று நம்புகிறேன். பிரிஸ்பேன் போகிற பணத்தையும் இரண்டு நாளையும் மிச்சம் பிடித்து ரேமண்ட் தீவில் இன்னொரு இரவு தங்குங்கள்.

பிளாட்டிபஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மகள் கேட்பாள். முட்டை போட்டுப் பால் கொடுக்கிற பிராணி, ஆணுக்குப் பின்னங்காலில் விஷ முள் இருக்கிறது. காட்டு ஓடையில் பார்க்கப் பொறுமையும் அதிர்ஷ்டமும் வேண்டும், ஆறு வயதுப் பையனோடு நான் அதை முயற்சி செய்ய மாட்டேன். மெல்பர்னிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஹீல்ஸ்வில் சரணாலயம் இருக்கிறது. அடைத்து வைத்துக் காட்டும் இடம்தான், ஆனால் இந்த நாட்டு விலங்குகள் மட்டும்தான், அடிபட்ட காட்டு விலங்குகளுக்கு ஆஸ்பத்திரியும் அங்கேயே இருக்கிறது. உலகத்தில் முதல் தடவையாக 1943-ல் பிளாட்டிபஸ் குட்டியை அடைப்பில் பிறக்க வைத்தது அங்கேதான். வந்து இறங்கிய மறுநாள், எல்லோரும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது, நீண்ட பயணம் வேண்டாத அன்றைக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

வேதாரண்யம் உப்பளம் எழுதியது:

நல்ல முடிவு தம்பி, இலங்கை எங்கேயும் ஓடிவிடாது. மகளுக்கு ஒரு சேதி. கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து ஒரு வகை உள்ளான் ஆயிரக்கணக்கில் வருகிறது, மூக்கு கீழே வளைந்திருக்கும். அதே இனம் ஆஸ்திரேலியாவுக்கும் போகிறது. நீங்கள் போகிற மே மாதம் இரண்டு கரையிலிருந்தும் அவை வடக்கே கிளம்பியிருக்கும், அதனால் அங்கே தேட வேண்டாம். நவம்பரில் இங்கே வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

ஐயா, அக்கா, தங்கச்சி எல்லோருக்கும் நன்றி. பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் திருச்சி அலுவலகத்தில் போட்டாகிவிட்டது, விசாத் தாள்களை இந்த வாரமே சேர்க்க ஆரம்பிக்கிறேன். மகளிடம் தூக்குவதைப் பற்றிப் பேசினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, தூங்குறதையே வரையலாம்" என்றாள்.

கடைசியாக ஒன்று. எதை முதலில் பதிவு செய்வது? விமானமா, பென்குவினா, தங்கும் இடமா? திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய் மெல்பர்ன் மாறுகிற டிக்கெட் மலிவாகத் தெரிகிறது, இன்றே போட்டுவிடலாமா என்று கை துறுதுறுக்கிறது.

மாயவரத்துப் பெண் எழுதியது:

விசா கையில் வராமல், பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டைப் போடாதீர்கள் அண்ணா. விசா வந்ததும் முதலில் டைடல் ரிவர் அறையைப் பாருங்கள், ஐந்து பேருக்கு அடுப்போடு இருக்கிற அறைகள் கொஞ்சம்தான். வெள்ளி, சனி கிடைப்பது கஷ்டம், திங்கள் முதல் வியாழன் வரை கேளுங்கள். அது கிடைக்கிற தேதியை நடுவில் வைத்து, முன்னால் பிலிப் தீவு, பின்னால் ரேமண்ட் தீவு என்று அடுக்கி, அதற்கு ஏற்ற மாதிரி விமானத்தைப் போடுங்கள். சிங்கப்பூரில் மாறுகிற டிக்கெட் இரண்டும் ஒரே பதிவாக இருக்கட்டும், தனித்தனியாக எடுத்தால் முதல் விமானம் தாமதமானால் அடுத்தது உங்களுக்காக நிற்காது, பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி கொடுக்க வேண்டி வரும். சிங்கப்பூரிலிருந்து ஏழரை மணி நேரம், இரவு விமானமாகப் பாருங்கள், பையன் தூங்கிவிடுவான். அம்மாவுக்கு டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள், சைவ உணவையும் அப்போதே குறித்துவிட வேண்டும்.

குளிருக்கு உடுப்பு எதுவும் ஊரில் வாங்காதீர்கள், என் வீட்டில் பிள்ளைகள் போட்டுச் சின்னதாகிப் போன ஜாக்கெட்டுகளும் கம்பளிக் குல்லாவும் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. தேதி முடிவானதும் தனிச் செய்தியில் இரண்டு பேருடைய அளவையும் அனுப்புங்கள், எடுத்து வைக்கிறேன்.